லோசாலினே அனுப்பிய உடுப்பு

கப்பலிலிருந்து இறக்கிய சரக்குகளுக்கு நடுவே அந்த நீலப் பீப்பாய் தனியாக நின்றது. அதன் வயிற்றில் கறுப்பு மையால் பெனிசிமானி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுதிய கை யாருடையது என்று ஹாபாய்த் தீவின் துறையில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"என்னப்பா, ஆஸ்திரேலியாவுல ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்காளா உன் பொண்டாட்டி? இல்ல, மொத்த ஊரையும் மடிச்சு அனுப்பிட்டாளா?" என்றான் வுங்கா. ராத்திரி கடலில் மீன் பிடித்துவிட்டுப் பகலில் துறையில் சுமை இறக்குகிறவன். பெனிசிமானி என்ற பெனிக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடி."

"பிடிக்கிறேன், பிடிக்கிறேன். வருஷம் பூரா பீப்பாய்தான் வருது. ஒரு தடவையாச்சும் ஆளு உள்ள உக்காந்து வரக்கூடாதா?"

பெனி சிரித்துத்தான் வைத்தான். ஆனால் வண்டியில் பீப்பாயை ஏற்றிக் கட்டிக்கொண்டு வீடு போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது.

லோசாலினே ஒன்பது மாதம் என்று சொல்லித்தான் போனாள். புயல் வந்து வீட்டுக் கூரையைப் பெயர்த்துக் கடலுக்குள் போட்டுவிட்டுப் போன வருஷம் அது. மில்டூரா பக்கம் பழத்தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூரை போடுகிற அளவுக்குச் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாகப் போனாள். கூரை போட்டாயிற்று. அப்புறம், கூரைதான் போட்டாயிற்றே, பக்கத்தில் ஓர் அறையும் இழுத்துவிடலாம், நான் வந்ததும் நாம் இரண்டு பேரும் தனியாகப் படுக்கலாம் என்றாள். அறையும் எழும்பியது. அப்புறம் மகளுடைய பள்ளிக்கூடம். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்து வாசலில் நின்றது. திராட்சை முடிந்ததும் ஆரஞ்சு, ஆரஞ்சு முடிந்ததும் பழம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகை. போனபோது மகள் சானேக்கு ஒன்பது வயது; மகன் கிட்டியோனே இடுப்பிலிருந்து இறங்காத மூன்று வயதுப் பிள்ளை.

அந்தப் புது அறையில் இப்போது உடுப்புதான் குடியிருந்தது. பெனியும் பிள்ளைகளும் பழையபடி முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பீப்பாய் மூடியைத் திறந்ததும் அந்தத் தேசத்துச் சோப்புத்தூள் வாசனை குப்பென்று வந்தது. பெனி ஒவ்வொன்றாக எடுத்தான். மொத்தமான கம்பளிக் கோட்டு. பனியில் சறுக்கி விளையாடுகிறவர்கள் போடும் கையுறை. ஆபீசுக்காரர்களின் நீலக் கோடு போட்ட சட்டை. கம்பளிக் கழுத்துத்துண்டு நாலைந்து. அப்புறம் பெண்பிள்ளைச் சட்டைகள்: மஞ்சளில் ஒன்று, பூப் போட்டது ஒன்று, கழுத்தில் சரிகை வைத்தது ஒன்று. எதையும் அவன் பிரிக்கவில்லை. சட்டையின் இரண்டு கையையும் பின்பக்கம் சேர்த்து மடித்து, கழுத்துப்பட்டை மேலே தெரிகிற மாதிரி வைப்பது லோசாவின் மடிப்பு. இந்த ஊரில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. மடிப்புக் கலையாமல் உள்ளங்கையில் தாங்கி எடுத்துப் போய், அறையில் இருந்த குவியலின் மேல் வைத்தான்.

வாசலில் நிழல் விழுந்தது. அவனுடைய அக்கா அகோசிட்டா, கோயிலுக்கு மரியாதையாகக் கட்டுவதுபோல் இடுப்பில் பாயைச் சுற்றிக் கயிறு கட்டிய கோலத்தில் வந்து நின்றாள். கோயில் வேலை முடிந்து நேராக வருகிறாள்.

அந்த ஊர் வழக்கப்படி தம்பி வீட்டில் அக்கா கை வைக்கக்கூடாத பொருள் என்று எதுவும் கிடையாது; அவள் வந்து இது என்னுடையது என்றால் அது அவளுடையதுதான், கேள்வி இல்லை. பிள்ளைகளுக்கு அத்தை சொல் வேதவாக்கு. முதல் பீப்பாய் வந்த அன்று அகோசிட்டா கூடத்தின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நல்லதெல்லாம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் இவர்களுக்கு விட்டாள். லோசாவுக்கு அதில் மனத்தாங்கல்கூட இருந்தது.

"வாங்க அக்கா. எடுத்துக்குங்க."

அகோசிட்டா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். குவியல் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்தது.

"எனக்கு எதுக்குடா? என் வீட்டுலயே பன்னி படுக்க இடமில்ல. உன் பொண்டாட்டிக்கு யாராச்சும் சொல்லியிருக்காங்களா, இங்க பனி பெய்யுதுன்னு?"

"அங்க மலிவாக் கிடைக்குதாம் அக்கா. கோயில்காரங்க நடத்துற பழைய துணிக்கடை. பை நிறைய அள்ளிக்கலாமாம்."

"அள்ளலாம். அள்ளி எங்க வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு ஒன்றும் குறை வரக்கூடாது என்பதுபோல் ஒரே ஒரு கழுத்துத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, குழி அடுப்பிலிருந்து எடுத்த கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியும் சாப்பிட்டு, ஊரே உறங்கும் நேரத்தில் லோசா கூப்பிடுவாள். வாசல்படியில் உட்கார்ந்தால் போனில் படம் நன்றாகத் தெரியும். அவள் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை நடக்கும்.

"மூச்சை இழுத்துப் பிடி," என்றான் பெனி.

"இழுத்துட்டேம்பா. இதுக்கு மேல இழுத்தா செத்துருவேன்."

சானே பதின்மூன்று முடிந்தவள். அப்பன் தோளுக்கு வந்துவிட்டாள். எலும்பும் அகலமும் அத்தை மாதிரி. மஞ்சள் சட்டை அவளுக்கு முன்பக்கம் எப்படியோ நின்றது. முதுகில் ஒரு சாண் வாய் பிளந்து கிடந்தது. பெனி அதை ஊக்கு வைத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தான். கீழே பாவாடையைச் சுற்றிவிட்டால் குட்டை தெரியாது.

இந்தக் கூத்து ஒரு நாளில் தொடங்கியதல்ல. இரண்டாவது பீப்பாயில் வந்த சட்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. 'சரியா இருக்கா?' என்று லோசா போனுக்குள் முகத்தைக் கொண்டுவந்து கேட்டபோது, பெனி 'தச்சு வச்ச மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டான். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை அவன் அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அணையவிட விரும்பவில்லை. சட்டையின் அளவு ஏறவே இல்லை. பிள்ளை ஏறிக்கொண்டே போனாள். சொல்ல வேண்டிய நாள் எதுவென்று தெரியாமல் நாள் கடந்துவிட்டது.

"அய்யோ, எவ்வளவு அழகா இருக்கா எம்பொண்ணு!" என்றாள் லோசா அன்றும். "அந்த மஞ்சள் உனக்குத்தான்னு பாத்தவுடனே தெரிஞ்சிருச்சு. கிட்டி எங்க? கிட்டி, அம்மா அனுப்புன கோட்டு போட்டியா?"

கிட்டியோனே கோட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு நின்றான். "போட்டேன்," என்றான். "கழட்டட்டுமா?"

அந்த வருஷம் மழை முன்கூட்டியே வந்தது. புது அறைக் கூரையில் எங்கோ ஒரு ஆணி இளகி, தண்ணீர் சுவரோடு இறங்கிக் குவியலின் அடியில் தங்கியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் கதவைத் திறந்தால் உள்ளே செத்த வாடை. அடியிலிருந்த கம்பளியெல்லாம் பூஞ்சணம் பூத்து, நடுவில் எலி குடைந்து குட்டி போட்டிருந்தது. கிட்டியோனேக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக வந்து சொறிந்துகொண்டே இருந்தான்.

பெனி நனைந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றி ஊர்க் குப்பைக்குழிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த ஆள் கையை விரித்தான். "துணியா? வேணாம் சாமி. போட்டா மக்கவும் மாட்டேங்குது, எரியவும் மாட்டேங்குது. உங்க வீடுன்னு இல்ல, எல்லாரும் இதையேதான் கொண்டாறாங்க. போன மாசம் போட்டதே காத்துல பறந்து பவளப்பாறையில போய் மாட்டிக்கிட்டு நிக்குது."

திரும்பி வந்து கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். பாதித் துணி எரிந்தது; பாதி உருகிக் கறுப்புக் கூழாக ஓடித் தரையில் ஒட்டிக்கொண்டது. நாறும் கரும்புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிமேல் போய்ப் படிந்தது. பக்கத்து வீட்டு செலா, கையில் குழந்தையோடு வேலியருகே வந்து, "பெனி அண்ணே, நாளைக்குக் கோயிலுக்கு நான் கரிச்சட்டையோட போறதா?" என்று கத்தினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தான்.

அணைத்த இடத்தில் பாதி எரிந்த ஒரு சட்டைக் கை கிடந்தது. பின்பக்கம் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. அதைக் குச்சியால் தள்ளவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் பெனி கொஞ்ச நேரம் நின்றான்.

"அம்மாகிட்ட சொல்லிடலாம்பா," என்றாள் சானே பின்னாலிருந்து.

"சொல்லலாம்."

"எப்ப?"

"அவ வந்ததும் சொல்லலாம்."

சானே வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூப் போட்ட சட்டை. பெனி ஊக்குக் குத்தினான், போனைத் தூக்கிப் பிடித்தான், லோசா வந்தாள். கன்னம் வெயிலில் கறுத்து ஒடுங்கியிருந்தது. பல் மட்டும் பழையபடி. "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு, முழுசாத் தெரியட்டும்," என்றாள்.

சானே தள்ளி நின்றாள். பிறகு, யாரும் சொல்லாமல், மெதுவாகத் திரும்பினாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பெனி போனை இறக்குவதற்குள் லோசா பார்த்துவிட்டாள்.

"அது என்ன, கிழிஞ்சிருக்கா?"

"கிழியலம்மா. பூட்ட முடியல." முதுகைக் காட்டியபடியேதான் சானே பேசினாள். "போன வருஷத்துலேர்ந்தே முடியல. அதுக்கு முந்தின வருஷமும் முடியல."

"பெனி?"

பெனி போனைத் தன் பக்கம் திருப்பினான். போனில் லோசாவின் முகம் அசையாமல் இருந்தது. இணைப்புத்தான் நின்றுவிட்டதோ என்று பார்த்தான். இல்லை, அவள் கண் கொட்டியது. பிறகு படம் போய்விட்டது.

"நாக்குல என்ன முள்ளா முளைச்சிருக்கு உனக்கு?" பெனி கத்திவிட்டான். "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறா. வாரத்துல ஒரு நாள் சிரிக்கிறா. அதையும் கெடுத்துட்டியே!"

சானே ஊக்கைக் கழற்றிப் படியில் போட்டாள். "அம்மா என்னைப் பாக்கவே இல்லப்பா. சட்டையைத்தான் பாக்குறாங்க," என்றாள். அழவில்லை. அதுதான் பெனியை என்னவோ செய்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோசா கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. பெனி கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி கவா வேரைக் கரைத்துக் குடிக்கும் வட்டத்தில் உட்கார்ந்தாலும் அவன் காது மடியில் இருந்த போனிலேயே இருந்தது. கப்பல் வருகிற நாளில் காரணமில்லாமல் துறைக்குப் போய் நின்றான். "பீப்பாய் இல்லப்பா," என்றான் வுங்கா, கேலி ஒன்றும் கலக்காமல். அது இன்னும் மோசமாக இருந்தது.

தனியாக இருக்கும்போது பெனி மனசுக்குள் அவளோடு பேசிப் பார்ப்பான். போன வருஷம் அவன் கால் முள்ளில் கிழிந்து காய்ச்சலில் கிடந்ததை அவளிடம் சொல்லவில்லை. கிட்டியோனே பள்ளியில் பாடியதைச் சொல்லியிருந்தான், பாடும்போது பல் விழுந்ததைச் சொல்லவில்லை. அவளும் அங்கே எத்தனையைச் சொல்லாமல் விட்டிருப்பாள்? சேர்த்து வைத்துச் சொல்லலாம் என்று வைத்ததெல்லாம் அந்த அறையில் இருந்ததைப் போலவே அடியில் நனைந்து கிடக்கிறதோ என்று தோன்றியது.

ஒரு புதன்கிழமை, அவன் தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லோசா தலைமுடியை வலைக்குள் அடக்கி, பழக்கொட்டகையின் பின்புறம் அடுக்கிய மரப்பலகைகள்மேல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது.

"எத்தனை நாளா இது?" என்று ஆரம்பித்தாள்.

"ரொம்ப நாளா."

"என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்க. மூணு பேரும் சேந்து."

"சேந்து இல்ல. நான்தான்."

அவள் கையுறையைக் கழற்றி மடியில் போட்டாள். "அந்தக் கடையில சட்டையைத் தூக்கிப் பிடிக்கிறப்போ அதுக்குள்ள புள்ள நின்னா, பெனி. நிஜமா நின்னா. நான் விட்டுட்டு வந்த புள்ள. கூட வேலை பாக்குறவ கேட்டா, ஏன்டி, உம்பொண்ணு இன்னுமா இவ்வளவுதான் இருப்பான்னு. அவகிட்ட சண்டை போட்டேன்."

பெனி மண்ணில் உட்கார்ந்தான்.

"சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எங்களுக்கு லீவு. மத்தவளுக தூங்குவாளுக, துணி துவைப்பாளுக. நான் அந்தக் கடைக்குப் போவேன். சாத்துற வரைக்கும் அங்கதான். இது சானேக்கு, இது கிட்டிக்கு, இது உனக்குன்னு எடுத்து எடுத்து வைப்பேன். அந்த நேரம் மட்டுந்தான் நான் அம்மா. மிச்ச நேரமெல்லாம் ஆரஞ்சு பொறுக்குறவ. இப்ப அனுப்பாதன்னா, சனிக்கிழமை நான் எங்க போவேன்? சொல்லு."

அவன் கையிலிருந்த கிழங்கின் மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"அந்த நேரத்துல எங்களைக் கூப்பிடு," என்றான் கடைசியில்.

"கூப்பிட்டு? ஞாயித்துக்கிழமையே பேச ஒண்ணும் இல்லாமப் போயிருது."

"பேச வேணாம். சனிக்கிழமை எங்களுக்கு வேலை நெட்டி முறிக்கும், உனக்குத் தெரியாதா? போனை ஒரு இடத்துல வச்சிட்டு எங்க பாட்டுக்கு வேலை பாக்குறோம். நீ பாத்துக்கிட்டு இரு. கடையில சட்டையைப் பாத்த மாதிரி."

லோசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டகைக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரி, அங்க கிடக்குறதை என்ன பண்ணுவ?"

"தெரியல. குடுக்கணும்."

"குடுக்க வேண்டியதுதான?"

"எல்லாம் நீ மடிச்சதா இருக்கு."

 லோசா மூக்கை உறிஞ்சினாள். "பிரிச்சுக் குடு, லூசு. மடிப்போடவா போட்டுப்பாங்க," என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

அகோசிட்டாவிடம் சொன்னதும் அந்த வேலை பெனியின் கையை விட்டுப் போய்விட்டது. கோயில் பக்கத்து ஈரப்பலா மரங்களுக்கு நடுவே கயிறு கட்டச் சொன்னாள். எரியாமல் மிஞ்சியதில் தேறியதையெல்லாம் சானேயும் செலாவும் துவைத்துப் போட்டார்கள். கொடியில் துணி ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், "இதென்ன, எங்க வீட்டுலயும் கிடக்குதே!" என்று ஆளுக்கொரு மூட்டையோடு திரும்பி வந்தார்கள். ஆக்லாந்தில் மகன், சிட்னியில் தங்கச்சி, மெல்போர்னில் மருமகன் என்று ஊரில் ஆள் அனுப்பாத வீடே இல்லை. கட்டிலுக்கடியிலும் பரணிலும் அவரவர் ஒளித்து வைத்திருந்தது அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தது. பெனிக்கு அதில் ஓர் ஆறுதல்.

மொத்தமான கம்பளிக் கோட்டுகளை மீன்பிடிக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வுங்கா ஊதா நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, "ராத்திரி நடுக்கடல்ல குளிர் எலும்பைக் கடிக்கும். இத்தனை வருஷம் சாக்கைப் போத்திக்கிட்டுப் போனேன், இந்தப் பாவி உள்ள அடுக்கி வச்சிருந்திருக்கான்," என்று எல்லாரிடமும் காட்டினான். பருத்திச் சட்டைகள் படகு இன்ஜின் துடைக்கப் போயின. பின்னல் கம்பளியைச் சின்னதாக வெட்டிக் கோயில் கூடத்துத் தலையணைக்குள் அடைத்தார்கள். எதற்கும் உதவாதது என்று அப்படியும் ஒரு குவியல் மிஞ்சத்தான் செய்தது. அகோசிட்டா அதன்முன் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கேட்டுக்குங்க எல்லாரும். இனிமே யாரும் கேக்காம எதையும் அனுப்பக் கூடாதுன்னு உங்க புள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. அனுப்புறதா இருந்தா என்ன வேணும், என்ன அளவுன்னு கேட்டு அனுப்பட்டும்."

"எப்படி அக்கா சொல்றது? ஆசையா அனுப்புதுங்க. மனசு நோகாதா?" என்றாள் ஒருத்தி.

"நோகட்டும். அங்க வேணாம்னு போட்டதுதான் இங்க வந்தும் வேணாம்னு கிடக்கு. நடுவுல கப்பல்காரனுக்குக் கூலி. ஆசை வேற, அறுந்த சாக்ஸ் வேற."

எல்லாரும் சிரித்தார்கள். பெனியும் சிரித்தான். அப்போது மஞ்சள் சட்டை ஒன்று அவனைத் தாண்டி ஓடியது. செலாவின் மூத்த பெண். சட்டை அவளுக்கு அப்படியே பொருந்தியிருந்தது; முழங்காலுக்குக் கீழே பாவாடை ஓரம் படபடத்தது. ஒரு கணம் அவனுக்கு எந்த வருஷம் என்றே புரியவில்லை. எங்கிருந்தோ லோசா குரல் கொடுப்பாள், அந்தப் பிள்ளை திரும்பி ஓடும் என்று தோன்றியது. பிள்ளை திரும்பாமல் கடற்கரைப் பக்கம் ஓடிவிட்டது. சானே பெரிய பெண்ணாகக் கொடியருகே நின்று ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். அவன் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"கோவமாப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல. இறுக்கிப் பிழி."

புது அறை காலியாயிற்று. கழுவிவிட்டு, ஆணியை அடித்து, பாயை விரித்தான். ஆனால் அங்கே போய்ப் படுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை போனை ஜன்னல் கட்டையில் தேங்காய் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். லோசா தங்குமிடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதலில் யாருக்கும் எப்படி இருப்பதென்று தெரியவில்லை. சானே களை பிடுங்குகிறவள் போல நடித்தாள். கிட்டியோனே மட்டும் போனுக்கு நேரே போய், "நாள் பூரா அங்கயே உக்காந்திருக்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

"விட்டா உக்காந்திருப்பேன்."

"என் பல்லு விழுந்துருச்சு."

"எங்க, காட்டு. அட! எப்ப?"

"அது போன வருஷம். மறுபடி முளைச்சும் போச்சு."

பெனி தேங்காய் துருவினான். அடுத்த நாள் சமையலுக்குக் குழி அடுப்பில் கல் அடுக்கினான். பேச்சு இல்லை. எப்போதாவது லோசா, "அந்தப் பன்னியை விரட்டு, கீரையைத் தின்னுது," என்பாள். விரட்டுவார்கள். எதிர்வீட்டில் யாரோ கூப்பிட்டால் அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள். வாரம் போகப் போகப் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது.

ஒருநாள் சானே போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். பெனிக்குச் சத்தம் மட்டும் கேட்டது, என்னவோ குசுகுசுவென்று, பிறகு லோசா, "அடி என் தங்கமே, இதையா இவ்வளவு நாள் சொல்லாம இருந்த? நாடா எடுத்து அளந்து சொல்லு," என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் தோட்டத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருத்தி சின்னதாக ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். சானே அதை யாரும் தொடவிடாமல் உள்ளே எடுத்துப் போனாள். வெளியே வந்தபோது தோள் நிமிர்ந்து நடந்தாள். உள்ளாடை என்று பெனிக்குப் புரிந்தது. தாய் இல்லாத வீட்டில் தான் எதையெல்லாம் பார்க்கத் தவறினோம் என்று நினைத்து வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் முடிகிற ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் கடலுக்குப் போயிருந்தார்கள். பெனி ஜன்னலருகே உட்கார்ந்து மீன்வலை தைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி மேஸ்திரி கேக்குறாரு," என்றாள் லோசா.

ஊசி நின்றது. "நீ என்ன சொன்ன?"

"ஆரஞ்சு முடியட்டும், அப்புறம் நான் போகணும்னு சொன்னேன். எம்பொண்ணு என்னைவிட உசரமாயிட்டா, போய்ப் பாக்கணும்னு சொன்னேன்."

"ஆரஞ்சு எப்ப முடியும்?"

"மரத்துல நிறைய இருக்கு, பெனி."

அவன் தலையாட்டினான். மீண்டும் வலையை எடுத்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காரு," என்றாள். "காதுகிட்ட நரைச்சிருக்கு போல. போன வாரம் நான் பாக்கலையே. நீ எப்ப..."

அங்கே காற்றோ மழையோ, பேச்சு பாதியில் அறுந்தது. படம் மட்டும் அப்படியே நின்றது: லோசா லேசாகத் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி. பெனி காதோர நரை தெரிகிற மாதிரி திரும்பியே உட்கார்ந்திருந்தான். சற்று நேரத்தில் பிள்ளைகள் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார்கள். சானே போனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். யாரும் அதை அணைக்கவில்லை.